முதலில் ஆள், பிறகு மூடுல்

பாலக்காடு, இடுக்கி எல்லையோரத் தமிழ் வழிப் பள்ளிகளில் வேலை பார்க்கும் சார்மாருக்கும் டீச்சர்மாருக்கும்,



கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வண்ணாமடைப் பக்கத்திலிருந்து சிலர். மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து சிலர். ஒருவருக்கொருவர் தெரியாமலே உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். “நம்ம பிள்ளைகளுக்குத் தமிழ்ல ஒரு ஆன்லைன் தளம் வேணும். மூடுல்னு ஒண்ணு இருக்காமே, அதை சர்வர்ல ஏத்தித் தர முடியுமா?” நான் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழியில் படித்தவன். இப்போது பொள்ளாச்சியில் உட்கார்ந்துகொண்டு, எங்கெங்கோ இருக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாருக்குமாக எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

பாடமும் தேர்வும் இணையத்தில் நடத்த உதவும் மென்பொருள் மூடுல். அதை ஏற்றித் தர முடியும். பழகிய கைக்கு அது ஒரு மத்தியான வேலை. பழகாதவர்க்கு இரண்டு நாள். நான் உங்களிடம் திருப்பிக் கேட்பது வேறு. ஏற்றிய பிறகு அடுத்த ஐந்து வருடம் அதை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? அதற்கு ஆட்களின் பெயர் சொல்ல முடியவில்லை என்றால், தயவுசெய்து மூடுல் வேண்டாம். கூகுள் கிளாஸ்ரூமே போதும். ஒரு வகுப்புக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது, அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இருந்தாலும் நமக்கென்று ஒரு தளம் வேண்டும் என்கிற உங்கள் ஆசையில் நியாயம் இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடியிருக்க, 2020 ஜூன் 1-ஆம் தேதி கேரள அரசின் விக்டர்ஸ் சேனலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கியபோது மாநிலமே பாராட்டியது. பாராட்டத்தக்க வேலைதான். ஆனால் அது முதலில் மலையாளத்தில்தான் பேசியது. தமிழ், கன்னடப் பாடங்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன. இடைப்பட்ட நாட்களில் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டு, கையால் எழுதிய குறிப்பைப் படம் பிடித்து அனுப்பி, பிள்ளைகளைப் பிடித்து வைத்தவர்கள் நீங்கள். அந்தப் பதிவுகள் இப்போது எங்கே? மாற்றிய போனோடு போயின. அவ்வளவு உழைப்பில் ஒரு பாடம்கூட அடுத்த வருடத்துப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப் பேச்சுக்கு நல்லது, சேமிப்புக்கு உதவாது.

“தமிழ்நாட்டில்தான் மணற்கேணி செயலி இருக்கிறதே, கல்வித் தொலைக்காட்சி இருக்கிறதே” என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகச் சொல்வார்கள். உங்களுக்குத் தெரியும்: நம் பிள்ளைகள் படிப்பது கேரள எஸ்.சி.இ.ஆர்.டி.யின் பாடத்திட்டம். மொழி தமிழ், பாடம் திருவனந்தபுரத்தில் தீர்மானிக்கப்பட்டது. அந்தப் பக்கம் ஒன்பதாம் வகுப்பில் வருவது இங்கே வேறு வகுப்பில் வரும். பரிசோதனை வேறு, கேள்வி கேட்கும் முறை வேறு. எஸ்.எஸ்.எல்.சி.க்கு உட்காரும் பிள்ளைக்கு வேண்டியது இந்தப் பாடத்திட்டத்துக்கு, இந்த மொழியில் எழுதப்பட்ட கேள்விகள். அதை எழுதக்கூடியவர்கள் உலகத்திலேயே நீங்கள் சில நூறு பேர்தான். தளம் வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வலுவான காரணம் இது: உங்கள் கேள்விகளும் பாடங்களும் ஒரே இடத்தில் சேர வேண்டும்.

அதனால் பள்ளிக்கு ஒன்று என்று போட வேண்டாம். இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒன்று போதும். கொழிஞ்சாம்பாறையில் இருந்து மூணாறு போக வேண்டுமானால் பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சின்னாறு செக்போஸ்ட்டில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் ஏறிப் போகிறோம். ஒரே மாநிலத்து ஒரே பாடப்புத்தகத்தை நடத்தும் ஆசிரியர்கள் சந்திப்பதற்கு அடுத்த மாநிலம் வழியாகப் போக வேண்டிய நிலை. பழைய கதையும் அப்படித்தான்: சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில். 1949-ல் இரண்டும் ஒரே மாநிலம் ஆன பிறகும் சமவெளித் தமிழரும் தோட்டத் தமிழரும் அதிகம் கலந்ததில்லை. ஒரு வினா வங்கியாவது பொதுவாக இருக்கட்டும்.

மூடுல் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூஜியாமஸ் என்பவர் தொடங்கியது. முதல் முழுப் பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளிவந்தது. கட்டற்ற மென்பொருள், உரிமத்துக்குப் பணம் இல்லை, யாரும் எடுத்து ஏற்றலாம், திருத்தலாம். கேரளத்து ஆசிரியர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைப் பற்றி வெளியார் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2001-லேயே ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கிய மாநிலம் இது. அதே ஆண்டு ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். உங்கள் லேப் கணினிகளில் ஓடுவது மாநிலக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட்டின் குனு லினக்ஸ். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட அதைப் பழகிய எஸ்.ஐ.டி.சி. (பள்ளி ஐ.டி. ஒருங்கிணைப்பாளர்) ஆசிரியருக்கு, சர்வரில் ஓடும் உபுண்டு அந்நியமாக இராது. மவுஸ் மட்டும் இருக்காது, கட்டளையைத் தட்ட வேண்டும்.

தமிழில் இது ஓடுமா என்ற சந்தேகம் சிலருக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கற்றல் தளம் மூடுல்தான். இலங்கைக் கல்வி அமைச்சின் ‘இ-தக்சலாவ’ மூடுலின் மேல் கட்டப்பட்டு, சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழியிலும் பள்ளிப் பாடங்களைத் தந்தது. எண்ணிக்கையில் சிறியதான ஒரு மொழிக் குழுவுக்கு, அதன் சொந்தப் பாடத்திட்டத்தில் தளம் நடத்துவது புதிய காரியம் அல்ல.

இனி வேலைக்கு வருகிறேன்.

முதலில் பதிப்பு. புதிது எது என்று தேடிப் போக வேண்டாம்; நீண்டகால ஆதரவு உள்ளதை எடுங்கள். 2024 அக்டோபரில் வந்த 4.5 அப்படிப்பட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 அக்டோபர் வரை வரும். உபுண்டு 24.04-ல் இயல்பாகவே வரும் பிஹெச்பி 8.3-உம் மரியாடிபி 10.11-உம் இதற்குப் பொருந்தும், வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். சிலர் சி-பேனலில் ஒரே பொத்தானில் ஏற்றிவிடலாம் என்பார்கள். ஏற்றலாம்; ஆனால் பதிப்பு மாற்றும் நாளில் அந்தப் பொத்தான் என்ன செய்தது என்று தெரியாமல் முழிக்க வேண்டிவரும். கிட் வழியாக 4.5-இன் நிலையான கிளையை இறக்கி வைத்தால், திருத்தம் வரும்போது இழுத்துக்கொள்வது சுலபம்.

பிஹெச்பி அமைப்பில் இரண்டு எண்களை மறக்காமல் மாற்றுங்கள். உள்ளீட்டு மாறிகளின் உச்ச வரம்பு இயல்பாக 1000. மூடுல் 5000 கேட்கும். கோப்பு ஏற்றும் வரம்பு இயல்பாக 2 எம்பி. பிள்ளை நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பினாலே அதைத் தாண்டிவிடும். தரவுத்தளத்தை யூடிஎஃப்8எம்பி4 என்ற குறிமுறையில் உருவாக்குங்கள். மாறிகளின் வரம்போ குறிமுறையோ சரியில்லை என்றால் நிறுவும்போதே மூடுல் எச்சரிக்கும். எச்சரிக்கையைப் பார்த்தும் ‘தொடர்க’ என்று அழுத்துகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

மூடுல்டேட்டா என்ற கோப்புறையைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகள் அனுப்பும் விடைத்தாள், படம், குரல் எல்லாம் அதில்தான் சேரும். அது இணையத்தில் திறந்திருக்கும் கோப்புறைக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்தால், வழி தெரிந்த எவரும் உலாவியிலேயே ஒரு பிள்ளையின் விடைத்தாளை எடுத்துப் பார்க்கலாம். கோப்புறை அனுமதிச் சிக்கல் வந்தால் எல்லாருக்கும் எல்லாம் என்று 777 போட்டுவிடச் சொல்லும் காணொளிகள் நிறைய. அவற்றின் பேச்சைக் கேட்காதீர்கள். அடுத்தது கிரான். நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டிய பின்னணி வேலை அது. அதை அமைக்காவிட்டால் தளம் திறக்கும், பாடம் தெரியும், எல்லாம் நன்றாக இருப்பது போலவே இருக்கும்; ஆனால் அறிவிப்பு போகாது, தானியங்கிக் காப்பு நடக்காது, நீக்கியது நீங்காது. எச்டிடிபிஎஸ் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்டில் இலவசம். தொண்ணூறு நாளைக்குள் காலாவதியாகும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

எவ்வளவு பெரிய சர்வர்? மூடுல் வட்டாரத்தில் சொல்லும் பொதுக் கணக்கு: ஒரு ஜிபி நினைவகத்துக்கு ஒரே நேரத்தில் பத்து முதல் இருபது பேர். பதிவு செய்த பிள்ளைகள் ஆயிரம் பேர் இருக்கலாம், அது பிரச்சினை இல்லை. காலை பத்து மணிக்கு எல்லாரும் ஒன்றாகத் தேர்வைத் திறப்பதுதான் பிரச்சினை. நாலு ஜிபியில் தொடங்கி, சித்தூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பத்து மணி, மலைப் பக்கத்துக்குப் பதினோரு மணி என்று நேரத்தைப் பிரித்து வைத்தால் பாதிச் செலவு மிச்சம். வீடியோவை சர்வரில் ஏற்றாதீர்கள். ஃபர்ஸ்ட் பெல்லின் தமிழ்ப் பாடங்கள் யூடியூபில் இருந்தால் அங்கிருந்தே இணைப்புக் கொடுங்கள்.

மற்ற எந்த வழிகாட்டியிலும் கிடைக்காதது தமிழ் சம்பந்தப்பட்ட தொல்லைகள். அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களிடம் இருக்கும் பழைய வினாத்தாள்களில் பாதிக்கு மேல் பாமினியிலோ வானவில்லிலோ தட்டியதாக இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் கண்ணால் படித்துத் திருத்த வேண்டும். இந்த வேலைக்கு சர்வர் நிறுவும் வேலையைவிட அதிக நாள் ஆகும். வேனல் விடுமுறையில் பள்ளிக்கு ஒரு பாடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்விகளை மூடுலுக்குள் ஒவ்வொன்றாகத் தட்டத் தேவையில்லை. எய்க்கன் என்ற எளிய வடிவம் இருக்கிறது. ஒரு வரியில் கேள்வி; அடுத்த வரிகளில் நான்கு விருப்பங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்தும் புள்ளியும்; கடைசி வரியில் ‘ஆன்சர்’ என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டு, முக்காற்புள்ளி இட்டு, சரியான எழுத்து. வெறும் டெக்ஸ்ட் கோப்பாக, யூடிஎஃப்-8-ல் சேமித்தால் ஐம்பது கேள்வி ஒரே தட்டில் உள்ளே போகும். அ, ஆ, இ, ஈ என்று விருப்பம் போட்டால் ஏற்காது. தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

ஒரு சொல் விடை கேட்கும் வினாக்களில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘கொ’ என்பதை ஒரு பிள்ளை தட்டும்போது ஒற்றைக் குறியாகவும் பதிவாகலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. இதை மூடுலே சமப்படுத்திக்கொள்கிறது. பிஹெச்பியின் இன்டல் நீட்சியைக் கட்டாயம் போடச் சொல்வதில் இப்படிப்பட்ட காரணங்களும் உண்டு. ஆனால் ‘ஔவையார்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டுகிற பிள்ளையை எந்த நீட்சியும் காப்பாற்றாது. விடைப் பட்டியலில் இரண்டு வடிவத்தையும் எழுதி, இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். போனில் தட்டும் பிள்ளைக்கு எந்த விசை எந்தக் குறியைத் தருகிறது என்று தெரியாது. அதற்காக மதிப்பெண் போகக் கூடாது.

பெயர் விஷயம். மூடுல் முதற்பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் கட்டாயம் கேட்கும். நம் பிள்ளைகளுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை முழுதாகப் போட்டால் வகுப்பில் எல்லாரும் அப்பா பெயரில் அழைக்கப்படுவார்கள். குடும்பப் பெயர் இடத்தில் தலைப்பெழுத்தை மட்டும் போட்டு, முழுப்பெயர் காட்டும் வரிசையை மாற்றிவிட்டால், ‘மு. செல்வி’ என்று வருகைப் பதிவேட்டில் உள்ளபடியே வரும். பெயர்ப் பட்டியலை லிப்ரே ஆஃபீசில் சிஎஸ்வி-யாகச் சேமியுங்கள். எக்செல்லில் சாதாரண சிஎஸ்வி-யாகச் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். மின்னஞ்சல் முகவரியும் கட்டாயம் என்பதால், முகவரி இல்லாத பிள்ளைகளுக்கு உங்கள் தளத்தின் பெயரிலேயே ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். வாய்க்கு வந்த ஜிமெயில் முகவரியைப் போட்டால், யாரோ முகம் தெரியாதவருக்கு நம் பிள்ளையின் மதிப்பெண் போய்ச் சேரும்.

தமிழ் மொழிப் பொதி இருக்கிறது. முழுமையாக இல்லை, இல்லாத இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். பிள்ளைகள் அடிக்கடி பார்க்கும் பொத்தான்களை மட்டும் நிர்வாகப் பக்கத்திலேயே மாற்றிக்கொள்ள வசதி உண்டு. உங்கள் வகுப்பில் புழங்கும் சொற்களையே போடுங்கள். சான்றிதழ் கொடுக்கும் ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை: மூடுல் பிடிஎஃப் உருவாக்கப் பயன்படுத்தும் நிரலகத்துக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. கொம்பு, தான் முன்னால் நிற்க வேண்டிய எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிள்ளையின் பெயரைச் சிதைத்து ஒரு சான்றிதழ் கொடுப்பதைவிட, லிப்ரே ஆஃபீசில் பெயரைக் கோத்து அச்சடித்துக் கொடுங்கள்.

இனி மலை. கொழிஞ்சாம்பாறையில் போன் வேலை செய்வது போல மலைத் தோட்டங்களான வாகுவாரையிலும் தலையாறிலும் வேலை செய்யும் என்று நினைத்துத் தளம் கட்டினால் அது சமவெளிப் பிள்ளைகளின் தளமாகவே முடிந்துவிடும். ஃபர்ஸ்ட் பெல் தொடங்கிய அதே 2020-ல், ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளர் லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் போனார்கள். மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. சேதி வெளியே வரவே விடிந்துவிட்டது. அந்த மலையில் சிக்னல் இல்லாதது என்னவெல்லாம் செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேரள அரசின் இணையத் திட்டமான கே-ஃபோன் 2023 ஜூனில் தொடங்கப்பட்டது. பள்ளிவரை ஃபைபர் வந்தாலும் ஒற்றை அறை லயத்துக்குள் பிள்ளையின் கையில் இருப்பது அம்மாவின் போன், அதில் மிச்சமிருக்கும் டேட்டா.

ஆகவே இரண்டு ஏற்பாடுகள். மூடுலின் கைப்பேசிச் செயலியில் பாடத்தைப் பள்ளி வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் இணையம் இல்லாமல் படிக்கலாம். வினாடி வினாவையும் இணையமின்றி எழுத ஆசிரியர் அனுமதிக்க முடியும். மறுநாள் பள்ளிக்கு வந்ததும் விடைகள் ஏறிக்கொள்ளும். இந்த அனுமதியை ஒவ்வொரு தேர்விலும் தனியாகக் கொடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். பாடத்தைக் குரலாகப் பதிவு செய்வதானால் 32 கேபிபிஎஸ் போதும். ஐந்து நிமிடப் பேச்சு ஒன்றேகால் எம்பிக்குள் அடங்கும். அதே பேச்சை வீடியோவாக எடுத்து, கரும்பலகையையும் உங்கள் முகத்தையும் காட்டினால் பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லை.

இணையமே வராத பள்ளிக்கு மூடுல்பாக்ஸ் இருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நிக்கோலா மார்ட்டிஞோனி உருவாக்கியது. உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெர்ரி பை கணினியில் மூடுல் முழுவதும் ஓடும். அதுவே வைஃபையும் தரும். வகுப்பில் வைத்தால் போன்கள் அதோடு இணைந்துகொள்ளும், வெளி இணையம் வேண்டாம். மின்சாரம் போனால் ஒரு பவர் பேங்க் தாங்கும். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: பெட்டியும் பெரிய சர்வரும் தானாகப் பேசிக்கொள்ளாது. பாடத்தை இங்கே காப்புக் கோப்பாக எடுத்து அங்கே மீட்டு ஏற்ற வேண்டும். மதிப்பெண்கள் அந்தந்த இடத்திலேயே நிற்கும். மாதம் ஒருமுறை பென்டிரைவோடு போக ஓர் ஆள் இருந்தால் நடக்கும்.

பிள்ளைகளின் விவரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தை என்கிறது. பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பி.டி.ஏ. கூட்டத்தில் தமிழில் ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். சாதி, வருமானம், ஆதார், வீட்டு முகவரி எதுவும் தளத்துக்குள் போகக் கூடாது. தேர்வு எழுத அவை தேவையில்லை.

பராமரிப்புக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான். ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் தன் கைக்காசில் டொமைன் வாங்கி, தன் ஜிமெயிலில் பதிந்து, ராப்பகலாக உட்கார்ந்து தளம் கட்டுகிறார். இரண்டு வருடத்தில் டிரான்ஸ்ஃபர். புதுப்பிக்கச் சொல்லி வரும் அஞ்சல் அவருடைய பெட்டியில் ஆயிரம் அஞ்சல்களுக்கு அடியில் கிடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் காலாவதியான அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கி, ரம்மி விளம்பரம் போட்டுவிட்டார்கள். பிள்ளைகளின் நோட்டில் எழுதி வைத்த முகவரி கடைசியில் சீட்டாட்டத்தில் போய் நின்றது. குற்றம் அந்த ஆசிரியருடையது அல்ல. ஒரு பொதுக் காரியத்தை ஒரே ஆளின் தலையில் கட்டிய எல்லாருடையதும்.

எனவே நான்கு பேர் வேண்டும். சமவெளிப் பக்கம் இருவர், மலைப் பக்கம் இருவர். நால்வரும் கணினி ஆசிரியர்களாக இருக்க வேண்டியதில்லை. இருவருக்குக் கட்டளைத் திரை பழகியிருந்தால் போதும், மற்ற இருவர் கணக்கும் வினா வங்கியும் பார்க்கலாம். டொமைனும் சர்வரும் தனி ஆள் பெயரில் இல்லாமல், பொதுவான ஒரு மின்னஞ்சலில், ஆசிரியர் அமைப்பு ஒன்றின் பெயரில் இருக்கட்டும். ரூட் கடவுச்சொல்லை உறையிலிட்டு ஒட்டி, இரண்டு பள்ளி ஹெச்.எம். அறை அலமாரிகளில் வையுங்கள். நால்வரில் ஒருவர் மாற்றலாகிப் போனால், போகும் முன் ஐந்தாமவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

காப்பு எடுப்பது என்றால் மூன்றையும் எடுப்பது: தரவுத்தளம், மூடுல்டேட்டா, கான்ஃபிக் கோப்போடு கூடிய நிரல். ஒன்று குறைந்தாலும் மீட்க முடியாது, அல்லது பாதிதான் மீளும். வாரம் ஒரு பிரதி சித்தூர்ப் பக்கத்து ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று மூணாறுப் பக்கத்தில். 2018 ஆகஸ்ட் மழையில் மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டிடமே மண்சரிவில் போனதைப் பார்த்தவர்கள் நீங்கள். ஒரே கட்டிடத்தில் எல்லாவற்றையும் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பருவத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை ஒரு பழைய லேப்டாப்பில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத காப்பைக் காப்பு என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

செலவு பெரிதல்ல. இன்றைய நிலவரத்தில் மேலே சொன்ன நாலு ஜிபி சர்வருக்கு மாதம் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். பத்துப் பள்ளி பகிர்ந்தால் ஒரு பள்ளிக்கு இருநூறுக்குள். அதற்கும் முன்னால் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு மாநிலம் வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956-லிருந்து சொல்கிறது. கைட் நிறுவனம் ஆசிரியர்களுக்கு ‘கூல்’ என்ற இணையவழிப் பயிற்சி நடத்துகிறது, ‘சமக்ர’ தளத்தில் பாடவளங்கள் தருகிறது. சர்வரும் ஆட்களும் அவர்களிடம் உண்டு. தமிழ் வழி ஆசிரியர்களே நடத்தும் ஒரு மூடுலுக்கு அவர்கள் கூரையின் கீழ் இடம் கேளுங்கள். இடம் கொடுத்தால் மேம்படுத்தலும் காப்பும் அவர்கள் பொறுப்பு, வினா வங்கி உங்கள் பொறுப்பு. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். சிறுபான்மைப் பகுதிகளில் தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியில் அரசுக்கு எழுத 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்தது. பள்ளிக்கூடப் பொருளான லேப்டாப்பில் மூடுல் ஏற்றிப் பழகிப் பார்க்கவும் ஹெச்.எம்.மிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள், தணிக்கை வரும்போது தொல்லை இராது.

பதில் வர நாளாகலாம், வராமலும் போகலாம். காத்திருக்கும் நாட்களில் பழைய வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலை நடக்கட்டும். சர்வர் எங்கே அமைந்தாலும் அந்தக் கோப்புகள் வேண்டியிருக்கும்.

அடுத்த கிளஸ்டர் கூட்டத்தில் இந்த மடலைப் படித்துவிட்டு, அந்த நான்கு பெயர்களை முடிவு செய்து எனக்கு எழுதுங்கள். பெயர் முடிவாகும் முன் யாரும் டொமைன் வாங்க வேண்டாம்.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்